வாயைக் கட்டிக்கினு எப்படி ஆட்டம் பார்ப்பேன், அக்கா?

சத்தம் போட்டே தெருவைக் கலக்கிய என் அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று ஆரம்பிக்கக் கை போகுது. அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைக்குது. நீ இருந்தால் இதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிக் கத்தியே சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பயமா இருந்தா ஆட்டத்துக்குப் போகாதேம்மா" என்று ஒரே வரியில் முடிச்சுட்டார். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய பயம் என்று அந்த மனுஷனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

நாளைக்கு அமாவாசை. தறிக்கு லீவு. அதனால் வழக்கம்போல நம்ம பிள்ளையார்பாளையத்துக் கபடிப் போட்டியின் பைனலையும் நாளைக்கே வைத்துவிட்டார்கள். பொம்பளைங்க டீமில் உன் மகள் மேகலா ஆடுகிறாள். எதிரே செவிலிமேடு. தெருவில் காலையிலிருந்து மைக் செட் கட்டிக்கினு இருக்காங்க. அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திட்டு எழுதுறேன்.

நான் இப்படி எழுதுவேன் என்று நீ நினைச்சிருப்பியா? அமாவாசை வந்தாலே நமக்குக் கொண்டாட்டம்தானே. சமையலை அரக்கப்பரக்க முடிச்சு, காக்காவுக்குச் சோறு வைச்சு, பழைய புடவை ஒன்றை எடுத்துக்கினு ஓடுவோம். ஆடுற இடத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்குப் பக்கத்தில் அதை விரிச்சு இடம் பிடிப்போம். எந்தத் தெரு டீம், யார் வீட்டுப் பிள்ளை, நமக்கு என்ன கவலை? "காலைப் பிடிடா! தூக்கிப் போடுடா அவனை!" என்று நீ கத்தினால் ரெப்ரீயே திரும்பிப் பார்ப்பார். ஒரு தடவை மைக்கிலேயே, "அந்த ரெண்டு அக்காவையும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்கப்பா" என்றார்கள். நாம தள்ளியா உட்கார்ந்தோம்? இன்னும் கிட்டத்தான் போனோம்.

அப்போ கீழே விழுந்ததெல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்க. எழுந்து மண்ணைத் தட்டிக்கினு போயிடும், நாமும் மறந்துடுவோம். இப்போ விழுறது நம்ம பிள்ளை, அக்கா.

போன மாசம் வாலாஜாபாத்தில் நடந்ததை உன்கிட்ட சொல்லியே ஆகணும். அதுக்கு முன்னாடி தறியைப் பற்றி ஒண்ணு சொல்லணும். நீ போன பிறகு நம்ம கோர்வைத் தறியில் உன் இடத்தில் மேகலாதான் உட்காருகிறாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேர்த்து நெய்கிற கோர்வைக்குத்தான் ரெண்டு ஆள் இல்லாமல் முடியாதே. உடல் பக்கம் நான் நெய்ய, வலது கரைக்கு அவள் ஊடை நூல் சுத்தின நாடாவைத் தள்ளிவிடுகிறாள். காலேஜ் விட்டு வந்ததும் முகம் கழுவிக்கினு நேரே தறிக்குத்தான் வருவாள். இழை அறுந்தால் நான் "நில்லு" என்பேன். அவ்வளவுதான். காதில் பாட்டு ஓடிக்கினு இருந்தாலும் சரி, நாடா பாதி வழியில் இருந்தாலும் சரி, அவள் கை அப்படியே நின்றுவிடும். ஏன், எதுக்கு என்று ஒரு கேள்வி வராது. நல்ல கைப் பழக்கம் என்று எனக்குப் பெருமைகூட.

இதே போட்டியின் செமி பைனலை வாலாஜாபாத்தில்தான் வைத்தார்கள். மேகலா கபடி, கபடி என்று பாடிக்கினு போனாள். அந்தப் பக்கம் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடுக்கோட்டுக்கு ஓடி வருகிறாள். அப்போ கதவு மாதிரி ஒருத்தி பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். மேகலாவுக்கு அவள் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. "நில்லு!" என்று கத்திவிட்டேன். தறியில் கத்துகிற அதே குரல்.

அவள் நின்றுவிட்டாள், அக்கா. அந்தக் கூட்டத்தில் யார் சத்தம் யாருக்குக் கேட்கும்? என் சத்தம் அவளுக்குக் கேட்டது. கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது கால் நின்றது, வாயில் பாட்டு நின்றது. ஓடியிருந்தால் தாண்டியிருப்பாள். மூணு பேர் மேலே வந்து விழுந்தார்கள். கழுத்து மடங்கிக் கீழே போனவள் எழவே இல்லை. கூட்டம் கை தட்டிச்சு, நல்ல பிடி என்று. நீயும் நானும் தட்டுவோமே, அதே தட்டல்.

அவள் கண் முழிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை. உன்கிட்ட என்ன சொல்றது, என்ன சொல்றது என்று அதுவே மனசில் ஓடிக்கினு இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சுளுக்குத்தான் என்றார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். இப்போ அதைக் கழற்றியாச்சு, ஆடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆட்டத்தையும் மற்ற பொண்ணுங்க எப்படியோ ஜெயிச்சுட்டாங்க. மேகலா என்மேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அன்றையிலிருந்து தறியில் இழை அறுந்தால் எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். "இன்னா சித்தி, ஊமையாயிட்டியா?" என்று சிரிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு, அந்தக் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்குது. நாளைக்குப் போனால் நான் கத்துவேன், என்னால் சும்மா இருக்க முடியாது. கத்தினால் அவள் நிற்பாள். போகாவிட்டாலோ, யாராவது ஓடி வந்து வாசலில் நின்று என் பேரைக் கூப்பிடுவாங்களோ என்று காதைத் தீட்டிக்கினு உட்கார்ந்திருக்கணும். இதில் எது தேவலாம், நீயே சொல்லேன்?

சாயந்திரம் அவளிடம் சொல்லியேவிட்டேன்.

"மேகலா, நாளைக்கு நான் வரலைடி."

ஷூவுக்கு லேஸ் கோத்துக்கினு இருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன், செவிலிமேட்டுக்கு சப்போர்ட்டா?"

"விளையாடாதே. என் வாயே உனக்கு எமனாயிடும்."

லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள். "சித்தி, நான் பாடிக்கினு போறப்ப பின்னாடி எப்பவும் ரெண்டு குரல் கேக்கும். அம்மா போனப்புறம் ஒண்ணுதான் கேக்குது. அதுவும் வேணாமா எனக்கு?"

"நான் மறுபடியும் நில்லுன்னு கத்திட்டா?"

"கத்தாதே. ஓடுன்னு கத்து."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பார். அடுப்படிக்குப் போய்த் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். ஓடு. ஓடு. குரலே எழும்பவில்லை. பிள்ளையைப் பிடிக்க மூணு பேர் வரும்போது எந்த வயிறு அப்படிக் கத்தும்?

ஒண்ணு கேட்கிறேன், அக்கா. அவள் முதல் முதலாக ஆட வந்த அன்றைக்கு நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தே. நான் கத்தின கத்தலில் உன் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் கை மட்டும் என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் பதிஞ்சிருந்தது. சந்தோஷத்தில் பிடிச்சே என்று நினைச்சு உன்னைக் கிண்டல்கூடப் பண்ணினேன். அது சந்தோஷம் இல்லையா, அக்கா? பயந்துக்கினேதான் அத்தனை சத்தம் போட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அவளைச் சேதாரம் இல்லாமல் வீட்டுக்குக் கூட்டிக்கினு வருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு தைரியம் இல்லை. அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். நாளைக்குப் போவேன். கயித்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அவள் கோட்டைத் தாண்டிப் போகும்போது கண்ணை மூடிக்க மாட்டேன். வாயைத் திறந்தால் ஓடு என்றுதான் திறப்பேன், நடுங்கிக்கினே ஆனாலும். அதையும் மீறி அவள் விழுந்தால், கூட்டம் கை தட்டி முடிக்கிறதுக்குள் நான் கயித்தைத் தாண்டி அவள்கிட்ட போயிருப்பேன். இது சத்தியம்.

முழங்கையைப் பிடிக்க ஆள் இல்லாத,
உன் தங்கச்சி