கட்டையின் மேல் நிற்கும் உங்கள் வண்டி

வயதிலும் உயரத்திலும் மட்டும் என்னைவிடப் பெரியவரான என் அன்பு அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். மலருக்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அமைந்து, போயும் சேர்ந்துவிட்டாள். உங்கள் மகளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்று நான் அழவே இல்லை. கண்ணில் தூசி விழுந்ததைப் பார்த்து அக்கா ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வண்டியைப் பற்றி மட்டுமில்லை, உங்கள் அண்ணனைப் பற்றியும்.

அந்த மழை நாள் உங்களுக்கு நினைவிருக்குமா, தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் வண்டியோ கியர்பாக்ஸைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. தாராவியில் முழங்கால் தண்ணீர், ஒரு டாக்சிக்காரனும் நிற்கவில்லை. எதிர்ச் சந்தில் உங்கள் அண்ணன் வீடு, வாசலில் அவருடைய புதுக் கார். ஓடிப்போய்க் கேட்டேன். பல் குத்திக்கொண்டே சொன்னார்: "நேத்துதாம்டே சீட் கவர் மாத்துனேன். அவன் வாந்தி கீந்தி எடுத்துட்டாம்னா? வேற வண்டி பாருடே."

வேறு வண்டி பார்த்தேன். பை தைத்து விற்கிற காதர் பாயின் சரக்கு டெம்போ. பை மூட்டைகளுக்கு நடுவில், அக்கா மடியில் தலை வைத்துத்தான் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

அத்தான், நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் மறதி என்ற பாடத்தை மட்டும் நான் படிக்கவே இல்லை.

உங்கள் கருமாதிப் பந்தலிலேயே உங்கள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குலே காரு? எந்தம்பி வண்டி, எங்க வீட்டுலதான் நிக்கணும்." மலர் எழுந்து நின்று, "எங்கப்பா எனக்கு ஓட்டப் படிச்சுக் குடுத்த வண்டி பெரியப்பா. நான் மஸ்கட் போயிட்டுத் திரும்பி வந்து ஓட்டுவேன்" என்றாள். அதற்கு அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். "நீ வாரதுக்குள்ள அது துருப்புடிச்சு பழைய இரும்பு எடுக்குற பங்கார்காரன் தராசுல ஏறிரும்மா" என்றார்.

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மலர் திரும்பி வருகிறவரைக்கும் அந்த வண்டியில் ஒரு புள்ளி துரு ஏறக் கூடாது. ஏறினால் என் மீசையை எடுத்துவிடுவேன் என்று பந்தலிலேயே சொன்னேன். மீசை இப்போதுதான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

காதர் பாய்க்கு ஐரோலியில் ஒரு குடோன் இருக்கிறதல்லவா? தைத்த பைகளைப் போட்டுவைக்கிற இடம். நான்தான் இப்போது அங்கே சூப்பர்வைசர். ஷட்டர் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது, காதர் பாயே என்னிடம் கேட்டுத்தான் உள்ளே வருவார். அங்கே ஒரு மூலையை உங்கள் வண்டிக்கு வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை மாட்டவைத்து வண்டியைக் கொண்டுவந்துவிட்டேன்.

வண்டியைச் சும்மா நிறுத்திவைப்பது லேசான காரியம் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டுவதற்கு லைசென்ஸ் போதும். நிறுத்திவைக்க மூளை வேண்டும். கழிமுகத்து உப்புக்காற்று இரும்பைக் கரையானைப்போலத் தின்னும். அதனால் முதலில் வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டேன். பழைய ஆயிலில் புளிப்பு ஏறியிருக்கும், அது இன்ஜினை உள்ளேயே அரிக்கும் என்று வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். பெட்ரோல் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினேன். காலி இடம் இருந்தால் அதற்குள் வேர்வை கட்டும், அத்தான். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி மாட்டினேன். குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுகிற மாதிரி. பேட்டரி நம் வீட்டில், அக்காவின் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காதர் பாய் வந்து பார்த்துவிட்டு, "ஹேண்ட் பிரேக்க இழுத்து விடும்வே, உருண்டுரப் போவுது" என்றார். நான் சிரித்தேன். மாதக்கணக்கில் இழுத்தே வைத்தால் பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு யானை இழுத்தாலும் சக்கரம் சுற்றாது. அது உருளாமலிருக்க எனக்கு வேறு வழி தெரியும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் சப்பையாகிவிடும் என்று, ரயில் தண்டவாளத்துக்கடியில் போடுவார்களே, அந்த மாதிரிப் பழைய மரக்கட்டைகளை வண்டிக்கு அடியில் கொடுத்துத் தூக்கி வைத்தேன். டயருக்கும் தரைக்கும் இரண்டு விரல்தான் இடைவெளி. தெரிந்து குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஐரோலி எலி ஒவ்வொன்றும் முயல் சைஸ். ஒயரைக் கடிக்காமல் இருக்க இன்ஜின் பக்கம் புகையிலைக் கட்டு தொங்கவிட்டேன். புகைக்குழாய் வாயில் எண்ணெயில் நனைத்த துணியைத் தேங்காய் நாரோடு சுருட்டி இறுக்கி அடைத்தேன். கடைசியாகப் பருத்தித் துணியில் ஓர் உறை. காதர் பாயின் தையல்காரர்களை உட்காரவைத்து நானே அளவு சொல்லித் தைத்தது, தரை வரைக்கும் பாவாடைபோல இறங்கும். பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வியர்த்துவிடும். மும்பையில் இருக்கிற இன்ஜினியர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வரவில்லை என்றாலும், வந்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

இப்படி எல்லாம் முடிந்திருக்கும்போதுதான் உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து அக்காவை மிரட்டினார். தன் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டியாக உங்கள் வண்டிதான் வேண்டுமாம். அதன் பிறகு அவர் வீட்டிலேயே நிற்குமாம். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். கோபம் என்றால் சுடும் என்பார்கள் அத்தான். எனக்குக் குளிர்ந்தது.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். "நீங்களே ஓட்டி குடோன விட்டு வெளிய கொண்டுபோயிட்டா வண்டி ஒங்களுக்கு. முடியலேன்னா இந்த வண்டிப் பேச்ச இத்தோட விட்ரணும். காதர் பாய் சாட்சி."

"ஏலே, மலருக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்?" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஸ்டியரிங் புடிச்சே நரைச்சவன்லே நான். என்னயவா சோதிக்க?"

நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்துத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூமாலை, பை நிறைய எலுமிச்சம்பழம். சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய. அவருடைய புதுக் காரைக் குடோன் வாசலில், உங்கள் வண்டியின் முதுகுப் பக்கம், வழி மறிக்காமல் ஓரமாக, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு நிறுத்தினார். பேட்டரி செத்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு பேட்டரியும் கொண்டுவந்திருந்தார். சமர்த்துதான். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறதே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியின் உறையைக்கூட எடுக்க மாட்டார். குனிய வயிறு விடவில்லை. உறைக்கடியில் கையை மட்டும் விட்டுத் தடவித் தடவி நான்கு டயருக்கும் பழத்தை வைத்தார். பழம் உள்ளே வசதியாகப் போய் உட்கார்ந்தது. ஏன் இவ்வளவு வசதியாகப் போகிறது என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டாமா?

உறையை எடுத்தார்கள், மாலை போட்டார்கள், பேட்டரியை மாட்டினார்கள். உங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சத்தம், டிராம்பே அணு உலையில் அலாரம் அடித்திருப்பார்கள்! நான் அடைத்துவைத்த எண்ணெய்த் துணி, புகைக்குழாயிலிருந்து ராக்கெட்டாகக் கிளம்பி, நேராக அவருடைய புதுக் காரின் ஜன்னல் வழியாகப் போய், அந்த சீட் கவர் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. காதர் பாயைக் கேட்டால் பம்பரில் பட்டுத் தரையில் விழுந்தது என்பார். அவருக்குக் கண் சரியில்லை.

நான் விட்ட ஆயில் எரிந்து குடோன் முழுக்க வெள்ளைப் புகை. அவர் அசரவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டு, பக்கத்து சீட் முதுகில் கையை நீட்டி, ஸ்டைலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தபடி, "நவுருங்க, நவுருங்க! வண்டி வருது!" என்று கத்தினார். சொந்தக்காரர்கள் அலறி ஒதுங்கினார்கள். வண்டி வரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் கத்துகிறது, முன்சக்கரம் சுற்றுகிறது, வண்டி அம்மன் சிலைபோல நின்ற இடத்தில் நிற்கிறது. முன்னால் வைத்த பழங்கள் இரண்டும் பறந்து போய்ச் சுவரில் அடித்தன. பின்னால் வைத்தவை நசுங்காமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

"அண்ணாச்சி, மெதுவா போங்க" என்றார் காதர் பாய். "வாசி பாலம் வந்துட்டு."

ஒரு வேன் சொந்தமும் சிரித்தது. கல்யாண மாப்பிள்ளையும் சிரித்தான். அவர் இறங்கி, அப்போதுதான் குனிந்தார். கட்டையைப் பார்த்தார்.

"ஏமாத்திட்டியேலே."

"நான் என்னத்த ஏமாத்துனேன்? நீங்க கீழ பாக்கல."

கொண்டுவந்த பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். துணியை மறுபடி அடைத்து, பிளக் துளைகளில் மறுபடி ஆயில் விட்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, உறையைப் போட்டு மூடினேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். போன வாரம் அவர் மறுபடி வந்தார், அத்தான். தனியாக. கார் இல்லாமல், ரயிலில். ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு செருப்பைப் பார்த்தபடி பேசினார்.

"வண்டி வேண்டாம்டே. செத்த நேரம் உள்ள இருந்துக்கிடட்டா? அன்னைக்கு ஸ்டியரிங்கப் புடிச்சேன்லா. தம்பி கை தேஞ்ச எடம், வழுவழுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு வாய் சோறு எறங்கல."

இதற்குத்தானே நான் காத்திருந்தேன்? அந்த மழை நாளிலிருந்து இதற்காகத்தானே? ஷட்டர் சாவியும் வண்டிச் சாவியும் இடுப்பில்தான் இருந்தன.

"முடியாது அண்ணாச்சி" என்றேன். "வண்டிக் கதவத் தொறந்தா ஈரக்காத்து உள்ள போயிரும். இனி மலரு வந்துதான் தொறக்கணும்."

"அவ எப்பம்டே வருவா?"

"ரெண்டு வருசம் ஆவும்."

ஷட்டரில் ஒரு தடவை கையை வைத்தார். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். வயதாகிவிட்டது அவருக்கு, நடையில் தெரிந்தது. கூப்பிட வாய் வந்தது. நான் கூப்பிடவில்லை.

நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்கள். உள்ளே உட்காரவைத்து டீயும் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் செய்தது தப்பா அத்தான்? தப்பென்றால் கனவில் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் திறக்க மாட்டேன்.

மாதம் ஒரு தடவை போய்ச் சக்கரங்களைக் கையாலேயே சுற்றிவிடுகிறேன். மலர் வந்து இறங்குகிற அன்று கட்டையை எடுத்து, பேட்டரியை மாட்டி, சாவியை அவள் கையில் கொடுப்பேன். உங்கள் வண்டி இருமாமல் கிளம்பும், இது சத்தியம். அவள் முதலில் தன் பெரியப்பாவை ஏற்றிக்கொள்வாளா, அவர் வாசல் வழியாக ஹாரன் அடித்துக்கொண்டே போவாளா, அதை அவளே சொல்லட்டும். அவளுக்கு உங்கள் மனசா என் மனசா என்று அன்றைக்குப் பார்த்துவிடலாம். அதுவரைக்கும் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்து, உங்கள் பகையைத் தன் பகையாக வைத்துக் காக்கும்
உங்கள் மச்சினன்