பால் டின்னும் பச்சைப் பட்டைச் செருப்பும்

ஐப்பசி 3, புதன்

காலையிலிருந்து தூறல். இவ்வீட்டு வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க தீர்மானம் ஒன்று இன்று நிறைவேறியது: தீபாவளிக்கும் புதுச் செருப்பு வாங்குவதில்லை. பழையது இன்னொரு தையல் தாங்கும். முன்மொழிந்தவன் நான். வழிமொழிய ஆளில்லை, கோமதி பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு எழாததால் ஏகமனதாக என்று எழுதுகிறேன்.

பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பல்லவர்கள். வகுப்பே தூக்கம். கூரத்துச் செப்பேடு என்றதும் கூரத்துப் பையன் மட்டும் விழித்தான். ஊர்ப்பற்று.

செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய். குடைக்கம்பி. பாப்பாவை எடை போடுதல்.

ஐப்பசி 5, வெள்ளி

அடைமழை. ஆஸ்பத்திரி வரை பாப்பாவைத் தூக்கிப் போக முடியாது. ஆகவே அடுத்த வீட்டு ஏகாம்பரம். நெசவு மேஸ்திரி, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை எடை போட்டுக் கொடுத்து, சேலையாக எடை போட்டு வாங்குபவர். தெருவில் சண்டை வராத தராசு அவருடையதுதான். போன மாதம் நல்ல வெயிலில் ஒரு தடவை போட்டதும் அதில்தான்.

நூல் வைக்கும் தட்டில் பாப்பா. காலை உதறியது. தட்டு ஆடியது.

"ஆடாத தாயி. பட்டு ஆடுமா?" என்றார் ஏகாம்பரம். படிக்கற்களைப் பார்த்தார். உதடு அசைய ஏதோ கணக்கு. பிறகு எடையைச் சொன்னார்.

போன மாதம் சொன்ன அதே எடை.

"இன்னாங்க இது?" என்றாள் கோமதி. "ராவும் பகலும் குடிச்சிக்கினே இருக்குது. எல்லாம் எங்க போவுது?"

ஏகாம்பரத்தின் மனைவி உள்ளேயிருந்து: "பாலு பத்தலையோ இன்னாவோ. என் பொண்ணுக்கும் இப்டித்தாம்மா. டின் பாலு குடுத்தோம், கிண்ணுனு ஆயிட்டா."

இரவு நானும் கோமதியும் சரியாகச் சாப்பிடவில்லை. பாப்பா குடித்தது; பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து மெலிந்திருக்கிறது. நேற்று வரை எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஐப்பசி 6, சனி

மழை. டின் தேடல். முதல் மருந்துக் கடை: "இல்லை." அடுத்தது: "வராது." அதற்கடுத்தது: "வந்தாலும் இல்லை."

கடைசியில் கடைத்தெரு மூலையில் செட்டியாரின் ஃபேன்சி ஸ்டோர். ரிப்பன், சீப்பு, செருப்பு, பால் பவுடர்.

"டின்னு இருக்குது சார். தனியா குடுக்கறதில்ல. டின்னுக்கு ஒரு ஜோடி."

"என்ன ஜோடி?"

"செருப்பு சார். ரப்பரு. மழைக்கு ஏத்தது."

"எனக்குப் பால்தான் வேணும்."

"அது பாப்பாவுக்கு. செருப்பு அப்பாவுக்கு. குடும்பத்துல யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது பாருங்க."

பச்சைப் பட்டை வைத்த செருப்பு மூட்டை மூட்டையாய் இறங்கி விற்காமல் கிடக்கிறது. டின்னுக்கு ஊரே அலைகிறது. கிடைக்காத சரக்குக்கும் விற்காத சரக்குக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டார். பொருளாதாரம் கொஞ்சம் படித்திருக்கிறேன்; இந்த அத்தியாயம் அதில் இல்லை.

செருப்பு ஓர் அளவு பெரிசு. புதன்கிழமைத் தீர்மானம் காலாவதி.

டின் மேல் ஒரு குழந்தைப் படம். கன்னம் மட்டுமே குழந்தை. "நம்ப பாப்பா இதுமாதிரி இல்லீங்களே" என்றாள் கோமதி. "அது டின்லயே பொறந்தது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசி 8, திங்கள்

மழை விட்டுவிட்டு. வீட்டில் இப்போது கடிகார ஆட்சி. பாட்டிலைக் கொதிக்க வைத்தல், பவுடரைக் கரைத்தல், ஆற்றுதல். பாப்பா பாட்டிலில் குடிக்கிறது, தூங்குகிறது. கோமதியிடம் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது.

"பாட்டில்ல தானா வருதுங்க. என்கிட்ட இழுக்கணும். இழுப்பானேன்னு பாக்குது."

பாட்டிலோடு விட்டுவிடச் சொன்னேன். பாட்டில் கோட்டைப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்றாவது தெரியும். கோமதியின் பாலில் கோடு போட்டிருக்கவில்லை.

குடைக்கம்பி இன்னும் சரி செய்யவில்லை.

ஐப்பசி 11, வியாழன்

இரண்டாவது டின். இரண்டாவது ஜோடி, கோமதிக்கு. அவள் போட்டுப் பார்க்கவே இல்லை.

மாலை வரதர் கோயில். வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஆங்காங்கே பச்சைப் பட்டை. என் காலைப் பார்த்துவிட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். முன்பின் தெரியாதவர். ஊர் தாமலாம்.

"உங்குளுக்கு எத்தினி மாசம் சார்?"

"மூணு."

"எனக்கு ரெட்டைங்க. வூட்ல அல்லாருக்கும் செருப்பு ஆச்சு. மாமியாருக்கும் ஆச்சு."

பெருமாளிடம் எடை ஒன்றையே கேட்டேன். அவரிடம் தராசு இருப்பதாகத் தெரியவில்லை. வெளியே வந்தபோது எது என்னுடையது என்று தெரியாமல் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டேன். முன்னதைவிடப் பொருந்துகிறது.

ஐப்பசி 13, சனி

கோமதிக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல். கை தூக்க முடியவில்லை. பூக்காரக் கன்னியம்மா வந்து பார்த்தாள்.

"மாருல மல்லிய வச்சி இறுக்கிக் கட்டுமா. நாலு நாள்ல பாலு வத்திப்பூடும். கொயந்ததான் குடிக்கலியே, அப்பறம் இன்னாத்துக்கு?"

கோமதி என்னைப் பார்த்தாள். "வத்தட்டுங்களா?"

"எடை ஏறினா போதும்" என்றேன்.

மழைக்காலத்தில் மல்லி அருமை. கன்னியம்மா எங்கிருந்தோ கொண்டுவந்தாள். வீடு முழுக்கக் கல்யாண வாசனை. கோமதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மண்ணெண்ணெய் கிடைத்தது.

ஐப்பசி 18, வியாழன்

வெயில். தெருவெல்லாம் தறிக்குப் பாவு நூல் விரித்திருக்கிறார்கள். பாப்பா மறுபடி தட்டில்.

எடை ஏறியிருக்கிறது. கொஞ்சம் அல்ல, நிறைய. கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டின் வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

"அதுவும் இருக்கும்" என்றார் ஏகாம்பரம். "இன்னிக்கி ஈரக் கழிவும் போடல பாருங்க."

"என்ன கழிவு?"

"மழ நாள்ல பட்டு ஈரம் குடிக்கும் வாத்தியாரே. கனம் கூடக் காட்டும். அதக் கழிச்சிட்டுத்தான் எடை சொல்றது."

"அன்னிக்குப் பாப்பாவுக்கும் கழிச்சீங்களா?"

"கழிக்காம? அன்னிக்கி இன்னா மழ!"

கழித்ததைக் கேட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். அன்றைக்கே நன்றாக வளர்ந்துதான் இருந்திருக்கிறது. ஏகாம்பரமும் கூட்டிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

கோமதி பாப்பாவைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போனாள். நான் போனபோது மடியில் போட்டு மார்பில் வைத்திருந்தாள். பாப்பா இரண்டு இழுப்பு இழுத்தது, வீறிட்டது. மறுபக்கம் மாற்றினாள். அங்கேயும் அப்படியே.

"இல்லீங்க" என்றாள். "ஒண்ணுமே இல்ல."

மாலை செட்டியார் கடை. சனிக்கிழமை டின் வருகிறது. பச்சைப் பட்டை தீர்ந்துவிட்டது. இனி டின்னுக்கு ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ. ஐந்து வயது அளவு.