விஜயா என்கிற மூன்றாவது கம்பி

3.7.2006, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல்காற்று பதினோரு மணிக்குத்தான் வந்தது. காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். பஞ்சு, ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது.

சேகர் கால் முறிந்து இன்றோடு ஐந்து வாரம். பூஞ்சேரி வளைவில் மணல், பைக் சறுக்கல். தோலைத் துளைத்து எலும்பில் இறங்கிய நான்கு ஸ்டீல் கம்பிகள், வெளியே ஒரு சட்டம். மனிதர் நான்குக்கும் தன் நான்கு அக்காக்களின் பெயரை வைத்திருக்கிறார். மூன்றாவது விஜயா. அவள் மட்டும் தகராறு. சுற்றிலும் சிவப்பு, கசிவு. 14ஆம் தேதி டாக்டரிடம் போவதற்குள் அடங்காவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் துளை போட வேண்டுமாம். அப்படியானால் இன்னும் இரண்டு மாதம் படுக்கை.

சே.வுக்குச் சிரிப்பு. நான் துடைப்பதை மூன்று வேளையாக்கிவிட்டேன்.

காலை: ஸ்பிரிட்.
மதியம் (சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து): பெராக்சைடு.
மாலை: ஸ்பிரிட், அப்புறம் அயோடின்.

5.7, புதன்

லேபில் நல்ல நாள். டைட்டானியத் துண்டுகள் மேல் நாங்கள் ஏற்றிய படலம், அதில் கலந்த வெள்ளி. தோல் வழியே வெளியே நிற்கும் கம்பிகளுக்காக. வெள்ளி இல்லாத துண்டில் கிருமி மொய்க்கிறது. கொஞ்சம் கலந்ததில் அங்கங்கே. அதிகம் கலந்ததில் சுத்தமாக இல்லை. கூட வேலை செய்யும் மேரியும் நானும் முந்திரி பக்கோடா வாங்கிக் கொண்டாடினோம்.

சே. கேட்டார், அந்த வெள்ளியை விஜயாவுக்குக் கொஞ்சம் பூசக்கூடாதா என்று. இன்னும் எலிக்கே வைக்கவில்லை என்றேன். அப்படியென்றால் எலிக்கு அப்புறம்தான் புருஷனா என்றார்.

மாலை துடைத்தபோது வலிக்கவில்லை என்றார். தோள் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

6.7, வியாழன்

தோல் செல் ரிசல்ட் வந்தது. வெள்ளி அதிகம் கலந்த துண்டில் செல் ஒன்றுகூட ஒட்டவில்லை. செத்துக் கிடக்கிறது. குறைவாகக் கலந்ததில் அழகாகப் பரவியிருக்கிறது. தோல் கம்பியை இறுகப் பிடித்தால்தானே கிருமிக்கு வழி அடைபடும் என்றாள் மேரி. நோட்டில் 'அளவைக் குறைக்கவும்' என்று எழுதினேன்.

எழுதும்போதே கை நின்றுவிட்டது. மூன்று வேளை ஸ்பிரிட், பெராக்சைடு, அயோடின். ஒட்ட வரும் புதுத்தோலை நானே எரித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை படித்த முட்டாள்.

டாக்டருக்குப் போன். ஸ்பிரிட் யார் சொன்னது என்று கேட்டார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர், ஒரு வேளை. மாத்திரையைத் தொடரவும். மற்றபடி தொடவே கூடாது.

சே.விடம் என் தப்புதான் என்று சொன்னேன். தோள் துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்தார். பிறகு:

"எரியுதுன்னு அப்பவே சொல்லலாம்னு பாத்தேன். நீ வேலைய வுட்டுட்டு ஓடியாந்து தொடச்சிகினு இருந்த. எப்டி சொல்றது?"

பாவி மனிதர். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அழுதேன்.

10.7, திங்கள்

நேற்று மழை. துணி காயவில்லை. காஸ் வந்தது.
கசிவு குறைவு. சிவப்பும் மங்கல். இரண்டு முறை பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

14.7, வெள்ளி

செங்கல்பட்டு. ஆட்டோ. ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு.
டாக்டர் விஜயாவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சுற்றித் தோல் இறுகக் கவ்வியிருக்கிறது. பிடுங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். ஆறு மணி ஆனதும் பழக்கத்தில் அவர் காலருகே போய் உட்கார்ந்துவிட்டேன். செய்ய ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சே. எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.