அம்மாவின் இரண்டு மாத்திரைகள்

எங்களை விட்டுப் போயும் எங்களுக்குள்ளேயே இருக்கிற அத்தாவுக்கு,

போன வாரம் காலையில் அம்மா ஒரு வாய் இட்லி தின்றுவிட்டு, “சட்னியில உப்பே இல்லையேட்டி. உங்க அத்தா இருந்தா தட்டத் தள்ளிவிட்டிருப்பாக” என்றாள். நீங்கள் போன பிறகு அவள் எதையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பழைய அம்மா திரும்பி வருகிறாள் என்று ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தேன்.

உங்களுக்குத் தெரியாதே. உங்கள் மறைவுக்குத் துக்கம் காத்து, இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருந்த மாதங்களில் அவள் பேசவே இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், கணவனை இழந்த பெண் இப்படித்தான் அடக்கமாக இருக்க வேண்டும் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தா முடிந்தும் அவள் எழாதபோதுதான் பெரியம்மா, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். மனச்சோர்வு என்றார்கள்.

முதலில் கொடுத்தது பழைய வகை மாத்திரை. இரவில் போட்டால் நன்றாகத் தூங்கினாள். ஆனால் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது, மலச்சிக்கல் வந்தது, பகலிலும் மயங்கிக் கிடந்தாள். ஒருநாள் தொழ எழுந்தவள் தலைசுற்றி விழுந்தாள். அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதிய வகைக்கு மாற்றினார்கள். இது காலையில் போடுவது. முதலில் குமட்டும், அந்த மாதிரித் தூக்கம் வராது. எந்த வகையானாலும் மனசு தெளியச் சில வாரங்கள் ஆகும், பொறுக்க வேண்டும், நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது என்றார் டாக்டரம்மா.

யார் பொறுத்தார்கள் அத்தா? உப்பு விஷயத்தைக் கேட்டதும் பெரியம்மா முகம் மாறியது. “ஏட்டி, அந்தப் பழசு எம்புட்டு நல்லாருந்துச்சு. சத்தமில்லாம கெடந்தா. இது போட்டதுலருந்து வாய் நீளுது. டாக்டரம்மாட்ட சொல்லி அதையே எழுதி வாங்கிருவோம்.”

பெரியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வீடு அமைதியாக இருந்தால் நல்ல மாத்திரை, அம்மா வாய் திறந்தால் கெட்ட மாத்திரையா? பழையதை நான் மோசம் என்று சொல்லவில்லை. தளவாய்புரம் நைட்டி கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் மெஷினில் தைக்கிற அக்கா அதில்தான் தேறினாராம். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? ஒன்பதாவதோடு நின்று, நைட்டியில் நூல் பிசிறு வெட்டுகிறவளுக்கு என்ன தெரியும் என்பார்களோ என்ற பயம்தான்.

டாக்டரம்மா அறையில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல், கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி. எப்போதும் அதில் பெரியம்மா உட்காருவார், நான் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். நாற்காலியில் இருப்பவரிடம்தான் கேள்வி. அம்மா எப்படி இருக்கிறாள் என்று பெரியம்மா சொல்வார், மாத்திரை அதன்படி எழுதப்படும்.

இனி அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும் நானே சொல்வேன் அத்தா. குரல் நடுங்கினாலும் சொல்வேன். இன்று பெரியம்மா டாக்டரம்மா அறை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். “சட்னியில உப்பு இல்லன்னு சொன்னாங்க டாக்டர்” என்றேன்.

உங்கள் மூத்த மகள்,
சபீனா