ஹோல்கம்–3 கிணற்றின் இரண்டு ஜாடிகள்

அனுப்புநர்:
டெல்பர்ட் யான்சி,
வடிகட்டி இயக்குபவர் (சட்டைப் பையில் இன்னும் அப்படித்தான் தைத்திருக்கிறது),
பெக்கர் கிரீக், ஒக்லஹோமா.

பெறுநர்:
மாவட்ட அலுவலர் அவர்கள்,
எண்ணெய்க் கிணறுகள் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: ஹோல்கம்–3 கிணற்றை அடைக்கும் அனுமதியை நிறுத்தி வைக்கவும், பாறையின் மேல் விழுந்த பழியை என் மேல் மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கிணற்றில் எண்ணெய் இல்லை என்று நிறுவனம் தங்களுக்கு எழுதியுள்ளது. வரும் 27ஆம் தேதி சிமென்ட் கொட்டி அடைக்கப் போகிறார்கள். பாறை ஒரு குற்றமும் செய்யவில்லை. அதன் வாயை அடைத்தவன் இம்மனுதாரன்.

2. துளையிட்டு முடித்த கிணற்றில், எண்ணெய்ப் பாறையைத் திறக்குமுன் உப்புநீர் நிரப்புவது வழக்கம். அந்நீரில் கசடு இருந்தால் பாறையின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் வெளியே வர வழியிராது. ஆகவே வடிகட்டித்தான் இறக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக நான் செய்வது இந்த ஒரு வேலைதான். வேறு வேலை தெரிந்தவன் என்று யாரும் என்மேல் குற்றம் சாட்டியதில்லை.

3. கடந்த அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. அன்று மாலை எங்கள் ஊர்ப் பள்ளியின் பந்தாட்டம். காலையில் வடிகட்டிய நீரை மாதிரிக்காக ஒரு ஜாடியில் பிடித்தேன். அதன் வழியே உணவகத்து மெனுவைப் படிக்க முடிந்தது. மூன்று மணிக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டது. ஃபில்டர்களை மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும், ஆட்டம் காத்திருக்காது. வடிகட்டியைத் தொடாமல் நீரைச் சுற்றி அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். மீதி நீர் கசடோடு கிணற்றில் இறங்கியது.

4. மேற்பார்வையாளர் கிளைடன் ஸ்பர்லின், "டெல்பர்ட், கடைசி ஜாடி எங்கப்பா?" என்று கேட்டார். காலையில் பிடித்த ஜாடியை நீட்டினேன். "கண்ணாடி மாதிரில்ல இருக்கு! நீ கெட்டிக்காரன்யா" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கு நான் நன்றி சொன்னதையும் பதிவு செய்கிறேன். ஆட்டத்தில் 41–6 என்று தோற்றோம்.

5. கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொன்ன நிலவியலாளர் ஆரின் டீக்ஸ், என் தங்கையின் கணவர். சோதனையில் ஒன்றும் வராததால் அவருக்கு வேலை போயிற்று. இப்போது தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறார். உணவகத்தில் அவர் காபி கேட்டால், "கோப்பையில ஒண்ணும் இருக்காதுப்பா, நீ பாத்த இடமாச்சே!" என்பார்கள். முதலில் சிரிப்பவன் நான்தான். "வீட்டுல தண்ணிக் கிணறு தோண்டப் போறேன் மச்சான், நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துடாத" என்றும் ஒருமுறை சொன்னேன். அவரும் சிரித்தார். "நல்ல பாறைதான் டெல்பர்ட். எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல" என்றார்.

6. கொஞ்சம் கசடுதானே என்று மூன்று மாதம் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என்னைச் சமாதானம் செய்வது சுலபம். சென்ற வாரம் சாவி தேடி வண்டி இருக்கைக்கு அடியில் கைவிட்டபோது இன்னொரு ஜாடி கிடைத்தது. வால்வைத் திறந்த பிறகு, கைப்பழக்கத்தில் பிடித்து, பார்க்காமலே மூடி வைத்தது. அடியில் இரண்டு விரற்கடைச் சேறு. எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா.

7. ஆகவே, பாறையை அமிலத்தால் கழுவி மறுபடி சோதிக்கும்வரை அடைப்பு அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். கழுவும் நீரை வேறு யாராவது வடிகட்டட்டும். என்மீது எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

8. இம்மனுவின் நகலை நேற்று ஆரினிடம் கொடுத்தேன். அடிப்பார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப பாறை நல்ல பாறைதானே?" என்று மட்டும் கேட்டார். மறுபடி சோதித்தால்தான் அது தெரியும். அந்தப் பதிலை அவருக்குத் தாங்கள் பெற்றுத் தர வேண்டும்.

இடம்: பெக்கர் கிரீக்
நாள்: 18.01.1994

தங்கள் உண்மையுள்ள (இம்முறை),
டெல்பர்ட் யான்சி

இணைப்பு: ஜாடிகள் இரண்டு. முதல் ஜாடி வழியே இம்மனுவைப் படிக்கலாம். இரண்டாவதைக் குலுக்கிவிட்டுப் படிக்க முயலவும்.