கலர் கார்டும் வள்ளியின் சேலையும்

ஞாயிறு, ஐப்பசி, 1988

இன்று தங்கை வள்ளியும் நானும் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து கலர் கார்டு போட்டோம். புருஷன் இறந்த பிறகு அவள் எங்களோடு இராசிபுரத்தில்தான் இருக்கிறாள். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் தறிகளுக்கான சேலை டிசைன்களை மட்டும் திரையில் புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொண்டிருப்பாள். பழைய திரையில் பச்சை ஒன்றுதான் தெரியும். அதனால்தான் பெங்களூர் போய் கார்டும் கலர் மானிட்டரும் வாங்கி வந்தேன்.

பழைய கார்டைக் கழற்றிப் புதியதை அழுத்திப் பொருத்தி, கலர் மானிட்டரையும் இணைத்தேன். சுவிட்சைப் போட்டால் திரை இருண்டே கிடந்தது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"பொறுங்கண்ணா," என்று வள்ளி கார்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். "கார்டை மாத்துனா மட்டும் போதாதுங்களாமா. உள்ள போர்டுல இருக்கற குட்டி சுவிட்சையும் மாத்தோணுமாமா."

மின்சாரத்தை நிறுத்தினேன். அவளே குனிந்து அந்தச் சுவிட்சுகளைத் தள்ளினாள். மறுபடி போட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது.

அம்மாவும் சமையலை விட்டுவிட்டுப் பார்க்க வந்தாள். வள்ளி திரையிலிருந்த சேலையின் கரைக்குப் பச்சை போட்டாள். உடல் முழுக்கச் சிவப்பை நிரப்பினாள். இரண்டு வருடமாக அவள் தொடாத நிறம் அது.

"யாருக்குச் சாமி இந்தச் சேலை?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்குத்தானுங்கம்மா."

அம்மா வள்ளியின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளை சாயப்பட்டறையில் சிவப்பு நூலுக்குச் சொல்ல வேண்டும். பெரியப்பா வீட்டில் என்ன சொல்வார்களோ. சொல்லிவிட்டுப் போகட்டும்.