யாரும் பார்க்காத கை

கோபக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். சுருதிக்காகச் சண்டை போட்டு அலங்காநல்லூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். பாடும் பெண்களுக்குத் தொண்டை வலிக்கிறது, சுருதியை அரைக்கட்டை இறக்குங்கள் என்றாய். குழுவை நடத்துவது நீயா நானா என்று கேட்டேன். அதற்கா இம்புட்டுக் கோபம்?

நேற்று நம் சேர்ந்திசைக் குழுவுக்கு ஒத்திகை. வழக்கம்போல் முன்னால் நின்று கையை உயர்த்தி இறக்கினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் உன் ஆர்மோனியத்தையும் அதன் பின்னால் இருந்த காலி நாற்காலியையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நம் பஸ் கண்டக்டர் தங்கப்பாண்டிதான் சொன்னான்: "அண்ணே, அக்கா தலையாட்டுனாத்தான நாங்க எடுப்போம். ஒங்க கைய யாரு பாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் கையை ஆட்டிப் பார்த்தேன். எனக்கே பாட்டு வரவில்லை.

"அக்கா எப்ப வருவாக?" என்று ஒத்திகையிலேயே கேட்டாள் நம் குழுவின் சாதிகா. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இப்போது குழுவே ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வரப்போகிறதாம். வந்தால் யாரைக் காட்டுவேன்?

ஞாயிறு மாலை ஆரப்பாளையம் மண்டபத்தில் நிகழ்ச்சி. உன்னை நான் வரச் சொல்லவில்லை. அரைக்கட்டை இறக்கித்தான் பாடப்போகிறோம், தகவலுக்காக எழுதுகிறேன். அன்று மதியம் தங்கப்பாண்டியின் பஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. அதுவும் தகவல்தான்.

இப்படிக்கு,
இன்னும் கையை உயர்த்தியபடி நிற்பவன்